அதுக்கு இது பரவாயில்லையா?

ஏதாவது இரண்டு பொருளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது இரண்டாவதற்கு முன்னால் நிற்க வேண்டுமா? ஆமா என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள். முடிந்தது. ஏன், எவ்வளவு, எத்தனை மடங்கு என்றெல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை. உலகத்தில் இவ்வளவு மரியாதையான கேள்வி வேறு இல்லை என்று எனக்குத் தோன்றும். கேட்டுவிட்டுப் பதிலை வாங்கிக்கொண்டு போய்விடும். காரணம் கேட்டு நச்சரிக்காது.

சி ப்ளஸ் ப்ளஸ் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்தமானில், போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில், மீன் இறங்குகிற கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு கட்டடத்தின் நடு மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் ஆட்டோ ஹாரன், மூடினால் புழுக்கம், அதனால் பாதி திறந்திருக்கும். அந்த மொழியோடு ஒரு பெரிய சாமான் பெட்டியும் சேர்ந்தே வரும். ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்பார்கள். அதன் மூலையில் சின்னச் சின்னதாகச் சில பொருள்கள் கிடக்கின்றன. லெஸ் என்று ஒன்று, கிரேட்டர் என்று ஒன்று. சிறியதை முன்னால் நிறுத்தச் சொல்வது லெஸ். பெரியதை முன்னால் நிறுத்தச் சொல்வது கிரேட்டர். அடுக்குகிற நிரலுக்குச் சிறிது பெரிது எதுவும் தெரியாது. அது கண்ணைக் கட்டிக்கொண்டு தூக்கித் தூக்கி வைக்கிற கூலியாள். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பக்கத்தில் நிற்கிற இந்தக் குட்டிப் பொருளைக் கேட்கும்: இதுவா, அதுவா? குட்டி சொன்னபடி வைக்கும். குட்டியை மாற்றினால் வரிசையே தலைகீழாகிவிடும். கூலியாளுக்கு வருத்தமும் கிடையாது, சந்தேகமும் கிடையாது.

இந்தக் குட்டிகளின் ஜாதிப் பெயர் ஃபங்ஷன் ஆப்ஜெக்ட். கல்யாணமான புதிதில் ஒரு நாள், இன்றைக்கு ஒரு ஃபங்ஷன் ஆப்ஜெக்ட் எழுத வேண்டும், சாப்பிட நேரமாகும் என்று என் மனைவியிடம் சொன்னேன். யார் வீட்டு ஃபங்ஷன், மொய் வைக்கணுமா என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் வேலையில் மூழ்கியிருந்தால், அவர் ஃபங்ஷனுக்குப் போயிருக்கார் என்றுதான் போனில் சொல்லுவாள். ஊரிலிருந்து கூப்பிடுகிற மாமியாரும், மாப்பிள்ளை எவ்வளவு நல்லவர், ஒரு விசேஷத்தையும் விடுவதில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

லைப்ரரியில் இருக்கிற குட்டிகள் போதாதென்றால் நாமே ஒன்றை எழுதிக்கொள்ளலாம். இந்த மாதிரி இரண்டைக் கொடுத்தால் இந்த மாதிரி பதில் சொல் என்று பழக்கிவிட்டால் போதும். அப்படி நான் பழக்கிய ஒன்றுதான், எங்கள் மேல் மாடி அக்காவைக் கொஞ்ச நேரம் நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது.

அக்கா நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் பிறந்தவர். இலங்கை மலையகத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் பிள்ளை. போர்ட் பிளேருக்கு வந்து வருஷங்களாகிவிட்டன. எங்கள் தலைக்கு மேலே தனியாக இருந்துகொண்டு, கல்யாணமாகாத ஆபீஸ்காரர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். வேறு வருமானம் இல்லை. பதினோரு மணிக்கு மேலே தேங்காய்ப்பால் கொதிக்க ஆரம்பித்தால் கீழே எனக்கு ஒரு வரி ஓடாது. எழுந்து வராந்தாவில் நடப்பேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார எனக்கு எப்போதுமே வராது, அந்த வாசனை வேறு சேர்ந்துகொள்ளும்.

வீட்டுக்காரருக்கு அந்த வாசனை பிடிக்காமலில்லை. பயமாக இருந்தது. மாடியில் வரிசையாகச் சிலிண்டர் நின்றால் யார் பதில் சொல்வது என்று, மாதக் கடைசிக்குள் இந்தச் சமையல் வியாபாரத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று, அடுப்பை இறக்கச் சொன்னா எங்க கொண்டு போய் வைக்கிறது என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மேலே போய்விட்டார்.

அதே வாரம்தான் எனக்கு வேலை கொடுக்கிற படகு முதலாளி ஒரு புது யோசனையோடு வந்தார். தீவுகளுக்கிடையே ஆள் ஏற்றுகிற சில படகுகள் வைத்திருக்கிறார். அவருடைய டிக்கெட் நிரல் நான் எழுதியது. தெலுங்குக்காரர். தமிழையும் இந்தியையும் ஒரே தட்டில் பிசைந்து பேசுவார். யாரைப் பார்த்தாலும் அண்ணன் தம்பி மாதிரி பாய் என்பார், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஃபீனிக்ஸ் பே ரோட்டில் பயணிகள் காத்திருக்கிற கூடத்துக்குப் பின்னால் சமையலறையோடு ஒரு கேன்டீன் திறக்கப் போகிறாராம். நல்ல கை வேண்டுமாம். ஆசைப்படுகிறவர்கள் ஆளுக்கொரு சட்டி மீன் குழம்பு கொண்டு வரட்டும், படகில் வேலை செய்கிறவர்கள் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடட்டும், ஜெயித்தவருக்குக் கேன்டீன், முதல் மாதம் வெள்ளோட்டம் என்றார்.

கேட்டதும் அக்கா ஞாபகம்தான் வந்தது. அடுத்ததாக மார்க்கை நினைத்துப் பயம் வந்தது. படகுக்காரர்கள் மார்க் போடுகிற அழகை நான் பார்த்திருக்கிறேன். காத்திருப்புக் கூடத்து நாற்காலிக்கு நிறம் தேர்ந்தெடுத்தபோது, இஞ்சின் டிரைவர் எல்லா நிறத்துக்கும் பத்து போட்டார். டிக்கெட் கிழிக்கிறவர் எல்லாவற்றுக்கும் மூன்று போட்டார். கூட்டிப் பார்த்ததில், யாருமே கவனிக்காத ஒரு சாம்பல் நிறம் ஜெயித்தது. ஆகவே நான் முதலாளியிடம் பெரிய பிரசங்கமே செய்தேன். நாக்குக்கு எண் தெரியாது, பாய். இந்தக் குழம்பு ஏழா எட்டா என்று கேட்டால் மனுஷன் உளறுவான். இரண்டு தட்டை முன்னால் வைத்து எது என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். பத்துப் பேர் வேண்டாம், எல்லாரும் நம்புகிற ஒரு நாக்கு போதும். அவர் இரண்டிரண்டாகச் சொல்லச் சொல்ல, மிச்சத்தை என் நிரல் அடுக்கிக் கொடுத்துவிடும்.

முதலாளிக்கு இது பிடித்துப்போனது. யார் நாக்கு என்பதில் விவாதமே இல்லை. செராங். பெரிய படகை ஓட்டுகிறவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பாதி ஆயுசு இந்தக் கடலில் போனவர். மீன் எந்தக் கரையில் பிடித்தது என்று வாயில் போட்டதும் சொல்லுவார் என்று பேச்சு. சரியாகச் சொல்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சொல்லும்போது யாருக்கும் மறுக்கத் தோன்றாது.

அப்படியாக நான் ஒரு ஒப்பிடும் பொருளை எழுதினேன். லைப்ரரியில் இருக்கிற லெஸ்ஸைப் போலவே இரண்டை வாங்கிக்கொள்ளும், ஆமா இல்லை சொல்லும். ஒரே வித்தியாசம், பதில் அதனிடம் இல்லை. இரண்டு தட்டின் எண்களையும் திரையில் காட்டி, எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கண்ணைக் கட்டிய கூலியாளுக்கும் செராங்கின் நாக்குக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர். எழுதி முடித்தபோது சந்தோஷம் தாங்கவில்லை. ஃபீனிக்ஸ் பே வரைக்கும் நடந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தேன்.

திரையில் நான் எழுதிய கேள்வி: "அதுக்கு இது பரவாயில்லையா?" பேச்சுத் தமிழில் ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று கேட்பதற்கு இதைவிட இயல்பாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. அந்தச் சட்டைக்கு இந்தச் சட்டை பரவாயில்லை. அந்த டாக்டருக்கு இந்த டாக்டர் பரவாயில்லை. ஆனால் செராங்குக்குக் கண்ணாடி போடாமல் படிக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினேன். கேள்வி திரைக்கு வெளியே ஓடியது. எதை வெட்டலாம் என்று பார்த்தேன். இரண்டு எண்கள்தான் மேலேயே இருக்கின்றனவே, "அதுக்கு" எதற்கு என்று அதை எடுத்துவிட்டேன். திரையில் இப்போது கொட்டை எழுத்தில், அழகாக, "இது பரவாயில்லையா?"

போட்டியன்று எல்லாருக்கும் ஒரே மீன், ஒரே கரையில் வாங்கியது. நம்மூர்க்காரர்கள் வஞ்சிரம் என்றும் நெய்மீன் என்றும் சீலா என்றும், மார்க்கெட் முழுக்க சுர்மாய் என்றும் கூப்பிடுகிற அந்த ஒரே மீன். கூடத்துக்கு முதலில் வந்த சட்டி அக்காவுடையது. கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் வந்தார்கள். கடைசியில் ஆட்டோவை விட்டு இறங்கியவர், கல்யாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்கிற ஒரு கான்ட்ராக்டர். பளபளவென்று மூடி போட்ட பெரிய பாத்திரம். வரும்போதே முதலாளியின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்கும் பிறகு வந்தது என் சட்டி. ஆமாம், நானும் சமைத்திருந்தேன். ஜெயிக்க இல்லை. நிரல் எழுதுகிறவன் பதில் தெரிந்த கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பான். என் குழம்பு கடைசியில் வரும் என்பதில் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. வந்தால் நிரல் சரி. என் மனைவி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இது குழம்பு இல்லை, மீன் வெந்நீரில் குளித்திருக்கிறது என்றாள். அவள்தான் உள்ளே தட்டு வைத்துப் பரிமாறினாள். சமைத்தவர்கள் யாரும் உள்ளே போகக் கூடாது, என்னையும் சேர்த்து. வெளியே நின்றோம். அக்கா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றார்.

நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. செராங் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, படகுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். முதலாளி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையைப் படித்தார். முதலிடம் என் சட்டி. இரண்டாவது கான்ட்ராக்டர். கடைசியில் அக்கா.

முதலாளி சிரித்த சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. பாய், கம்ப்யூட்டர் வேலையை விட்டுடு, கரண்டி பிடி என்றார். நம்ம ஆளுக்கே கொடுத்தால் ஊர் பேசும், அதனால் உன்னை விட்டுவிடலாம், இரண்டாவதுக்குக் கொடுக்கலாம், டீக் ஹே? கான்ட்ராக்டர் கைகூப்பினார். முதலாளி அவர் முதுகைத் தட்டினார். அக்கா சட்டியை எடுத்து, மூடியைச் சரியாகப் பொருத்தி, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, என் குழம்பு தோக்கட்டும். உங்க குழம்புகிட்டயா?"

கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். கையில் அந்த வரிசை. என்னுடையது, கான்ட்ராக்டர், அவருக்கு முன் வந்தவர், அவருக்கு முன் வந்தவர், கடைசியில் அக்கா. சட்டிகள் வந்த ஒழுங்கு அப்படியே திரும்பி நின்றது. ஒரு சட்டிகூட இடம் மாறவில்லை. நாக்கு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. செராங்குக்குப் பின்னால் ஓடினேன். படகுத் துறையில், படகில் கால் வைக்கப் போகிறவரைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணே, உள்ளே என்னத்த அமுக்கினீங்க?"

"எல்லாத்துக்கும் ஆமான்னுதான்."

"எல்லாத்துக்குமா?"

"சமைச்ச பொம்பளைங்க வெளியே நிக்கிறாங்க. பரவாயில்லையான்னு கேட்டா, இல்லைன்னா சொல்லுவேன்? நல்ல ஆளுய்யா நீ." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார். "கடைசித் தட்டுக்கு மட்டும் கொஞ்சம் தயக்கமாத்தான் இருந்தது. யாரோ பாவம், புதுசா சமைக்கிற பொண்ணு போலன்னு அமுக்கிட்டேன்."

புதிதாகச் சமைக்கிற பொண்ணு படகுத் துறையில் நின்று வாய்விட்டுச் சிரித்தது.

திரும்பி நடக்கும்போதும் அந்த வார்த்தையை நினைத்து நினைத்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பரவாயில்லை. "அதுக்கு" முன்னால் நின்றால் அது தராசு. "அதுக்கு" போய்விட்டால் அது உபசாரம். விருந்தாளி வாயில் எது விழுந்தாலும் சொல்கிற சொல். சில மொழிகளில் நல்லது என்பதற்கே வாலை நீட்டி, இன்னும் நல்லது என்று ஆக்கிக்கொள்கிறார்கள். நம்மிடம் நல்லது நல்லதுதான், அதற்கு வால் முளைக்காது. ஒப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தியாக வேண்டும். அதுக்கு இது. அல்லது அதைவிட இது. அந்த "விட" என்ன என்று நடந்துகொண்டே யோசித்தேன். விடுவதுதான். ஒன்றை விட்டால்தான் மற்றதைப் பிடிக்கலாம். எதையும் விட மனசில்லாத ஒரு நல்ல மனுஷனிடம், எதையும் விடத் தேவையில்லாத ஒரு கேள்வியை நான் கொடுத்திருக்கிறேன்.

நிரலின் பக்கம் பார்த்தால் நடந்தது இதுதான். சட்டிகள் கொஞ்சமாக இருக்கும்போது என் கூலியாள் ஒவ்வொரு புதுச் சட்டியையும் முதலில் வரிசையின் தலையில் நிற்கிறதோடு ஒப்பிடுவான். இது மேலா? ஆமா. சரி, தலையில் வை. அடுத்தது. இது மேலா? ஆமா. தலையில் வை. யார் கடைசியாக வந்தாரோ அவரே ராஜா. ஒப்பிடும் பொருளுக்கென்று ஒரு நியமம் உண்டு: ஒரு பொருளை அதோடேயே ஒப்பிட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தன்னைவிடத் தான் மேல் என்று எதுவும் சொல்லக் கூடாது. செராங்கிடம் ஒரே தட்டை இரண்டு கையிலும் கொடுத்திருந்தால்கூட ஆமா என்றுதான் அமுக்கியிருப்பார், அவ்வளவு பண்பு.

முதலாளி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. கான்ட்ராக்டருக்குச் சொல்லியாகிவிட்டது, மெஷின் சொன்னது சொன்னதுதான், இப்போது மாற்றினால் உங்கள் மேல் வீட்டுக்காரிக்காக என்று ஆகும் என்றார். அந்தக் கடைசி வார்த்தை குத்தியது, உண்மையும் அதில் பாதி இருந்தது. வாதாடாமல் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன். அதே சட்டிகளின் எண்கள், அதே ஒழுங்கு. கடைசியில் மட்டும் ஒரு வெறும் தட்டைக் கழுவித் துடைத்து வைத்தேன். எது கேட்டாலும் ஆமா என்று அமுக்குங்கள், பாய். அமுக்கினார். வரிசை வந்தது. முதலிடம் வெறும் தட்டு.

அவர் தட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். தட்டைத் தூக்கித் திருப்பியும் பார்த்தார்.

"அரே, இதுக்கா கேன்டீன் கொடுத்திருப்பேன்?"

சாயங்காலம் செராங் திரும்பியதும் மறுபடி நடத்தலாம் என்று முடிவானது. எல்லாருக்கும் சொல்லியனுப்பினோம். கான்ட்ராக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், என் குழம்புக்கு என்ன பயம் என்று வந்துவிட்டார். அக்கா வர மாட்டேன் என்றார். என் மனைவி மாடியேறிப் போய் என்ன சொன்னாளோ தெரியாது, கீழே வரும்போது இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மதியம் நீ உள்ளேதானே இருந்தாய், அவர் எல்லாவற்றுக்கும் ஆமா அமுக்குவதைப் பார்க்கவில்லையா என்று அவளைக் கேட்டேன்.

"பார்த்தேனே. ஒவ்வொரு தட்டுக்கும் தலையாட்டிட்டு அமுக்கினார். உங்க ஃபங்ஷன்ல அதுதான் முறை போலன்னு இருந்துட்டேன்."

புதுக் கேள்வியை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். நான் "எது சிறந்தது" என்று ஆரம்பித்தபோது, அப்படிக் கேட்டால் மறுபடியும் மரியாதை பார்ப்பார், அவரால் மறுக்க முடியாததைக் கேளுங்கள் என்றாள். திரையில் இப்போது இரண்டு எண்கள், நடுவில் ஒரே வரி: "இன்னொரு கரண்டி சோறு எதுக்கு?" ஆமாவும் கிடையாது, இல்லையும் கிடையாது. கையை நீட்டி ஒரு தட்டின் எண்ணை அமுக்கித்தான் ஆக வேண்டும். இடது தட்டு என்றால் ஆமா, வலது தட்டு என்றால் இல்லை என்று என் பொருள் தனக்குள் மாற்றிக்கொள்ளும்.

படகிலிருந்து பசியோடு இறங்கி நேராக வந்து உட்கார்ந்த செராங், முதல் தட்டிலேயே நிதானத்துக்கு வந்துவிட்டார். இந்த முறை அமுக்குவதற்கு முன்னால் கண்ணை மூடினார். சில இடங்களில் இரண்டு தட்டுக்கும் திரும்பத் திரும்பப் போனார். மதியம் சட்டென்று முடிந்த வேலை இப்போது சோற்றுப் பானை காலியாகும்வரை இழுத்தது. வரிசை வந்தபோது முதலாளி சத்தமாகப் படிக்கவில்லை, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். முதலிடம் அக்கா. கான்ட்ராக்டர் அடுத்தது. என் சட்டி கடைசியோ கடைசி. தோற்றதற்காக நான் கைதட்டியதைப் பார்த்து, மற்றவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் கர்வமாக இருந்திருப்பேன்.

கேன்டீன் திறந்த முதல் வாரம் குழம்பு விற்கவில்லை. அக்கா விடியும் முன்னால் போய், தேங்காய்ப்பால் பிழிந்து, அதே கைப்பக்குவத்தில் கொதிக்க வைப்பார். காத்திருப்புக் கூடமெல்லாம் மணக்கும். டிக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நிற்பார்கள். மழைக்காலம் ஆரம்பித்திருந்தது, கடல் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. சட்டி நிறையக் குழம்பு மதியம் திரும்பி வரும், எங்கள் கட்டடம் முழுக்க இலவசச் சாப்பாடு. வீட்டுக்காரர் கூட ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு, சிலிண்டர் எப்போது இறங்கும் என்றும் கேட்டுவிட்டுப் போனார். வெள்ளோட்ட மாதம் ஓடிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் தினமும் அந்தப் பக்கம் வந்து ஒரு டீ குடித்துவிட்டு, காலி மேஜைகளை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா அழவில்லை, அதட்டவுமில்லை. என்னிடம் வந்து, செராங் நாக்கை நம்பித்தான் இறங்கினேன் தம்பி, இங்க வர்ற நாக்கு வேற மாதிரி இருக்கே என்றார்.

எனக்கு உட்கார முடியவில்லை. அடுத்த நாள் காலையிலிருந்து அந்தக் கூடத்திலேயே அலைந்தேன். ஏறப் போகிறவர்களைப் பார்த்தேன். ஒருவர் பாக்கெட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து எடுத்து மோந்துகொண்டிருந்தார். ஒரு பெங்காலிக் குடும்பம் வெறும் மாரி பிஸ்கட்டை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டது. கார் நிக்கோபாருக்கு மாற்றலாகிப் போகிற ஒரு ஆபீஸர், தயிர் இருக்கா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டார். மதியம் படகு வந்தது. இறங்கியவர்கள் முகம் வெளுத்து, வயிறு ஒட்டி, தலைமுடியெல்லாம் உப்பாக வந்தார்கள். தரை ஆடவில்லை என்று கால் நம்பிய அந்த நிமிஷமே கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, காரமா ஏதாவது கிடைக்குமா என்று மூன்று பாஷையில் கேட்டார்கள். அக்கா அதற்குள் அடுப்பை அணைத்து, காலையில் விற்காத வருத்தத்தில் சட்டியை மூடி வைத்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செராங் படகு ஓட்டும்போது ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். அவர் சாப்பிடுவதெல்லாம் கரைக்கு வந்த பிறகு. அன்று சாயங்காலம் நான் சோதித்தது, படகிலிருந்து இறங்கிய நாக்கு. கேன்டீன் இருப்பது ஏறுகிற வாசலில். சட்டிகளும் சரி, கூலியாளும் சரி, வரிசையும் சரி. கேட்கிற குட்டிதான் வேறு. கடல் குமட்டுமே என்ற பயத்தோடு ஏறுகிறவனுக்கு லெஸ்: எது வயிற்றில் லேசோ அது முன்னால். இறங்குகிறவனுக்கு கிரேட்டர்: எது கனமோ, எது உறைக்குமோ, அது முன்னால். ஒரே வரிசைதான். தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்பதைக் கடல் தீர்மானிக்கிறது.

இதை அக்காவிடம் லெஸ், கிரேட்டர் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். ஏறுறவங்களுக்கு லேசா, இறங்குறவங்களுக்குக் காரமா, அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் குழம்பு வாசனையே இல்லை. எலுமிச்சைச் சாதம், தயிர் சாதம், இஞ்சி தட்டிப் போட்ட மோர். தேங்காய்ப்பால் பிழிவதைப் படகு தூரத்தில் புள்ளியாகத் தெரிகிற நேரத்துக்குத் தள்ளி வைத்தார். படகு கரையைத் தொடும்போது குழம்பு ஒரு கொதி வந்திருக்கும். இறங்குகிறவர்கள் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு மேஜைக்கு வந்தார்கள். ஒரு தெலுங்குப் பெரியவர் சட்டியை வழித்துக் கேட்டார், அக்கா வழித்துக் கொடுத்தார்.

மாதம் முடிந்தபோது முதலாளி வந்தார், அதுவும் லிட்டில் அந்தமானிலிருந்து, படகில். மூச்சுவிடாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, சமையலறைச் சாவிக் கொத்தின் இன்னொரு செட்டையும் அக்கா முன்னால் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்து மாடியிலிருந்து சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகப் படியிறங்கின. வீட்டுக்காரரே ஒன்றுக்குக் கை கொடுத்தார். பதினோரு மணிக்குத் தலைக்கு மேலே இப்போது ஒரு மணமும் இல்லை, எனக்கு வரிகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஓடுகிற வரிகளை நிறுத்திவிட்டு நானே கிளம்பிவிடுகிறேன்.

கேன்டீன் ஜன்னலில் அக்கா விலைப்பட்டியல் எதுவும் தொங்கவிடவில்லை. தலையை நீட்டுகிற எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறார், தமிழிலோ இந்தியிலோ, ஆளைப் பார்த்து. பதிலைக் கேட்டதும் கை தானாக ஒரு பக்கம் போகும். போன வாரம் மழையில் நனைந்துகொண்டு நான் போய் நின்றேன். கூட்டம். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"ஏறுறீங்களா, இறங்கினீங்களா?"

"ரெண்டும் இல்லக்கா. சும்மா நடந்து வந்தேன்."

குரலைக் கேட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், என் பின்னால் நிற்கிற வரிசையைப் பார்த்தார்.

"சும்மா வந்தவங்களுக்கு டீ. அந்த ஓரமா நின்னு குடிங்க தம்பி, படகு வந்துடுச்சு."